மேட்டில் நிற்காத வண்டி

பாலத்தின் ஏற்றத்தில் தபால்காரரின் சைக்கிள் பதிவாளரின் ஸ்போர்ட்ஸ் காரை முந்தியது. தபால்காரர் வேண்டுமென்று முந்தவில்லை. காரின் வேகத்துக்கு மிதித்தால் சைக்கிள் சாய்ந்துவிடும், அவருக்கு வேறு வழியில்லை. கடந்து போகும்போது மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த மரியாதைதான் பதிவாளருக்கு அதிகமாக வலித்தது.

"என்னங்க, மிதிச்சுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"தரையோட தரையா மிதிச்சிருக்கேன்."

"அப்ப நான் இறங்கி முன்னால நடக்கறேன். நீங்க வர்றதுக்குள்ள வீட்டைத் திறந்து வைக்கலாம்."

பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைப் பதிவாளர் என்றுதான் அழைத்தது. அவரும் அதற்குத் தக்கபடிதான் நடந்துகொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் அவர் வாசலுக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் பாலத்தின் நடுவில், பின்னால் ஒரு பேருந்து ஒப்பாரி வைக்க, நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

கார் அவருடைய அப்பாவுடையது. நீல நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இருக்கைகள். அப்பாவுக்குப் பிறகு பதிவாளர் அதை வாரம் தவறாமல் துடைத்து, ஊருக்குள் கம்பீரமாக ஒரு சுற்று ஓட்டி, மறுபடியும் ஷெட்டில் நிறுத்திவந்தார். ஊர் உள்ளங்கை மாதிரி தட்டையானது. மேடு என்று சொல்ல இந்தப் பாலம் ஒன்றுதான், அதுவும் இப்போதுதான் கட்டி முடித்தது. ஆகவே காரின் சக்தி எப்போது குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குறைந்திருந்தது என்பது மட்டும் தபால்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் பதிவாளர் இதைப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் இதே காரில் மேட்டு வீட்டுக்குப் போயாக வேண்டும்.

ஊரைத் தாண்டி ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில் இருந்தது அந்த வீடு. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பதிவாளரின் மகன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண்ணின் அப்பா, மேட்டு வீட்டுக்காரர், நல்ல மனிதர். இரண்டாவது பேச்சிலேயே சம்மதித்துவிட்டார். ஆனால் அவரை வளர்த்த அத்தை ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அத்தை தலையசைக்காமல் அங்கே ஜன்னல் திரைகூட மாறாது.

"அத்தை ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க," என்று மேட்டு வீட்டுக்காரர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீலக் கார்க்காரர் குடும்பம்னா கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் குடுக்கலாமாம். உங்கப்பா அந்தக் காலத்துல எங்க தாத்தாவைப் பாக்க அடிக்கடி வருவாராமே. ஆனா அவர் சொந்தம்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க நிறைய பேராம். 'அந்தக் கார்லயே வரச் சொல்லு, நான் பாத்துட்டுச் சொல்றேன்'ங்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றார் பதிவாளர், நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து. "அந்த மேட்டுல எங்க வண்டி ஒருநாளும் நின்னதில்லன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். அதே வண்டி. அதே மேடு. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"வண்டி இப்ப நல்லா ஓடுதுங்களா?"

"பறக்குது."

அது பாலத்துக்கு முந்தைய நாள்.

மெக்கானிக் வந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியின் மூக்கைத் திறந்தாலும், தனக்கு முன்னால் அதைத் தொட்டவனைத் திட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

"யாரு சார் இதுல கை வச்சது? எந்தப் புண்ணியவான் இந்தத் திருகாணியை இப்படி முறுக்கினான்?"

"நீங்கதான். போன வருஷம்."

மெக்கானிக் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "அப்ப அது சரியாத்தான் இருக்கும். வேற இடத்துலதான் கோளாறு."

பிளக்குகளைக் கழற்றினார், மாற்றினார். டைமிங் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி எதையோ ஒரு மயிரிழை திருப்பினார். எஞ்சின் உறுமியது. பதிவாளரின் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சி பாலத்தின் கால்பங்கு தூரம் வரை நீடித்தது. அங்கே கார் ஒரு முறை விக்கி, பின்பக்கமாக வெடித்தது. பாலத்தின் அடியில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பதிவாளர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒண்ணுமில்ல, நீங்க போகலாம்," என்று அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

செய்தி கேட்டு மனைவியின் தம்பி வந்துசேர்ந்தார். அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் விற்றவர். ஆகவே எந்த எஞ்சினைக் கண்டாலும் அதைத் தண்ணீர் மோட்டாராகவே பார்ப்பார்.

"அத்தான், உலகத்துல கோளாறுங்கறது ஒண்ணே ஒண்ணுதான். குழாய்ல அடைப்பு."

"இது கார்."

"எதுவா இருந்தா என்ன? ஒரு பக்கம் இழுக்கணும், ஒரு பக்கம் தள்ளணும். உங்க வண்டிக்கு இழுவை இல்ல. தொட்டியில துரு இருக்கும். நீங்க போய் ஒரு தூக்கம் போடுங்க, நான் பாத்துக்கறேன்."

பதிவாளர் பகலில் தூங்கும் பழக்கம் இல்லாதவர். அன்று பார்த்து அசந்துவிட்டார். கண் விழித்தபோது ஷெட்டிலிருந்து ஏதோ கோயில் யானை ஓடிவருவது போல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மைத்துனர் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி, அதற்குள் ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளைப் போட்டு, மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"நட்டு உரசி உரசித் துருவெல்லாம் உதிர்ந்துடும் அத்தான். தண்ணித் தொட்டிக்கு இப்படித்தான் செய்வோம்."

துரு உதிர்ந்தது. நட்டுகளும் உதிர்ந்தன. தொட்டியை மாட்டி முடித்ததும் பதிவாளர் கேட்டார். "போட்ட நட்டெல்லாம் வெளிய வந்துடுச்சா?"

"வந்ததெல்லாம் வந்துடுச்சு அத்தான்."

இந்தப் பதிலின் பொருள் முதல் திருப்பத்திலேயே விளங்கியது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் தொட்டிக்குள் கிலுகிலு என்றது, இடப்பக்கம் திரும்பினால் கலகல என்றது. அதுகூடப் பரவாயில்லை. உதிராமல் ஒளிந்திருந்த துரு இப்போது பெட்ரோலோடு புறப்பட்டுக் கார்புரேட்டரில் போய்க் குடியேறியது. அதுவரை மேட்டில் மட்டும் தயங்கிக்கொண்டிருந்த கார், சமதளத்திலும் நின்றது. கடைத்தெருவின் நடுவில்.

"முன்னேத்தம்தான்," என்றாள் மனைவி. "இப்ப மேடு பள்ளம்னு பாரபட்சம் பாக்கறதில்ல."

மகன் மெதுவாக வாயைத் திறந்தான். "அப்பா, பேசாம ஒரு வாடகைக் கார்ல போயிடலாமே. அத்தைக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவ? எங்க தாத்தா வண்டியைக் காப்பாத்தத் தெரியாத குடும்பம்னா? வண்டியையே காப்பாத்தாதவன் எங்க பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்னு திருப்பிக் கேட்டா?"

மகன் மெக்கானிக்குக்குப் போன் செய்தான்.

மெக்கானிக் மறுபடியும் வந்தார். இந்த முறை திட்டுவதற்கு அவருக்கு உண்மையிலேயே ஒரு ஆள் கிடைத்தார். மைத்துனரும் சளைக்கவில்லை.

"தொட்டியில நட்டைப் போடறவரை இப்பத்தான் சார் பாக்கறேன்."

"புறாவைப் பறக்கவிடற மெக்கானிக்கை நானும் இப்பத்தான் பாக்கறேன்."

இருவரையும் பதிவாளர் தம் அலுவலகக் குரலில் அடக்கினார். கார்புரேட்டர் சுத்தமாயிற்று. டைமிங் பழைய இடத்துக்கு வந்தது. இனிமேல் புகை வெளியே போவதில்தான் சிக்கல் இருக்க வேண்டும் என்று மெக்கானிக் முடிவு செய்து, சைலன்சரை ஒரு சுத்தியால் செல்லமாகத் தட்டினார். சைலன்சர் இரண்டானது.

"தட்டினதுமே விட்டுடுச்சுன்னா எவ்வளவு பலவீனமா இருந்திருக்கு பாருங்க சார். நல்லவேளை, நான் பாத்தேன்."

கம்பி போட்டுக் கட்டினார்கள். இப்போது வண்டி நின்றிருக்கும்போதே கற்கள் அரைபடுவது போல் சத்தம் போட்டது. தெருக்கோடியில் ஒரு குழந்தை தூக்கம் கலைந்து அழுதது. பாலத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஊரே திரும்பிப் பார்க்கும்படியான கர்ஜனையோடு, அதே நடைவேகத்தில் ஏறியது.

பதிவாளர் காரிலிருந்து இறங்கி, "இதுக்கு என்னதான் வியாதி?" என்று கேட்டார்.

மெக்கானிக் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அழுத்தமானியை மாட்டி எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டராகப் பரிசோதித்தார். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டார். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"சிலிண்டரெல்லாம் கூடப்பொறந்தவங்க மாதிரி ஒத்துமையா இருக்கு சார்."

"எந்த வீட்டுக் கூடப்பொறந்தவங்க?" என்று கேட்டாள் மனைவி, தம்பியைப் பார்த்துக்கொண்டே.

"கோளாறு எதுவுமே இல்ல சார். இவ்வளவுதான் இதோட சக்தி."

பதிவாளரின் முதுகு நேராகியது. "இவ்வளவுதானா? எங்கப்பா ஏறின மேட்டை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார். ஆனா நான் கை வச்ச வண்டி. நான் கை வச்சப்புறம் அதுல எப்படி சார் கோளாறு இருக்க முடியும்?"

இப்படி ஒரு காரணத்தைச் சொன்ன பிறகு அந்த முடிவை யார் நம்புவார்? மெக்கானிக்கை மரியாதையாக வழியனுப்பிவைத்தார்கள்.

"சக்தியைக் கூட்ட முடியாட்டி சுமையைக் குறைக்கலாம் அத்தான்," என்றார் மைத்துனர். "மோட்டார்ல தண்ணி மேல ஏறலைன்னா என்ன பண்ணுவோம்? தொட்டியைக் கீழ இறக்கி வைப்போம்."

மேட்டு வீட்டைக் கீழே இறக்கி வைக்க வழியில்லாததால் காரிலிருந்த சாமான்களை இறக்கினார்கள். மாற்றுச் சக்கரம் போயிற்று. ஜாக்கி, கருவிப்பெட்டி, மடக்குக் கூரை எல்லாம் போயின. மைத்துனர் வண்டியைச் சுற்றி வந்தார். இன்னும் என்ன இருக்கிறது என்று தேடிய அவர் பார்வை, வாசலில் நின்ற அக்காவின் மேல் போய் நின்றது.

"என்னடா பாக்கற? என்னையும் கழட்டி வச்சுட்டுப் போகப் போறீங்களா?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே அக்கா."

"சம்பந்தி வீட்டுக்கு நான் இல்லாம இவர் போவாரு, போய் என்ன பேசுவாரு? எல்லாரையும் வரிசையில நிக்கச் சொல்லுவாரு. நான் வருவேன். வேணும்னா உங்க அத்தான் கொஞ்சம் கௌரவத்தை இறக்கி வைக்கட்டும், வண்டி தானா ஏறும்."

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். முன்னால் நீலக் காரில் பதிவாளரும் மனைவியும், பின்னால் மைத்துனரின் காரில் மகனும் அவரும். பதிவாளர் வெளுத்த சட்டையும் கறுப்புக் கோட்டும் அணிந்திருந்தார். பாலத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனதால் மேட்டின் அடிவாரம் வரை பயணம் கௌரவமாகவே இருந்தது.

அடிவாரத்தில் சாலை அகலமாக இருந்தது. அங்கிருந்து இருபுறமும் கல்சுவரோடு, ஒரு வளைவு எடுத்து, மேட்டு வீட்டு வாசலில் போய் முடிந்தது. வளைவுக்கு மேலே வாசலில் ஆட்கள் கூடிநிற்கும் பேச்சுச் சத்தம் கேட்டது.

பதிவாளர் முதல் கியரைப் போட்டார். அப்பாவை மனதில் நினைத்தார். மிதித்தார்.

கார் கர்ஜித்தது. கொஞ்ச தூரம் ஏறியது. பிறகு பெருமூச்சு விட்டது. பிறகு, எதையோ மறந்துவிட்டு வந்தவர் போல, பின்னால் உருண்டு அடிவாரத்துக்கே வந்துசேர்ந்தது.

"தூரத்துலேருந்து வேகமா வந்து ஏத்துங்க அத்தான்," என்று மைத்துனர் கத்தினார்.

தூரத்திலிருந்து வேகமாக வந்து ஏற்றினார். சற்று உயரத்திலிருந்து உருண்டார். மூன்றாம் முறை மகன் பின்னாலிருந்து தள்ளினான். கார் அவனையும் சேர்த்துக் கீழே அழைத்துவந்தது.

பதிவாளரின் கைப்பேசி ஒலித்தது. மேட்டு வீட்டுக்காரர்.

"சம்பந்தி, ரொம்ப நேரமா சத்தம் மட்டும் வருது. உங்களைக் காணோமே?"

"வந்துகிட்டேதான் இருக்கேன்."

"அத்தை வாசலுக்கே வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க."

பதிவாளர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"என் வண்டியில கயிறு கட்டி இழுத்துடட்டுமா அத்தான்?"

"கன்னுக்குட்டி மாதிரி கயித்துல கட்டிக்கிட்டுப் போய்ப் பொண்ணு கேக்கறதா? அதுக்கு நான் இப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

அவர் சொன்னால் செய்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மகன் கல்சுவரில் சாய்ந்து நின்றான். புதுச்சட்டையின் இரண்டு கைகளிலும் கரி. மேலே வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

மனைவி மகனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, நம்ம ஷெட்டு வாசல்ல ஒரு சின்ன ஏத்தம் இருக்கே, அதுல நேரா ஏறலைன்னு சைலன்சர் உடைஞ்ச அன்னிக்கு ரிவர்ஸ்ல ஏத்தினீங்கல்ல? சொகுசா ஏறிச்சே. அந்த மாதிரி ஏத்திப் பாருங்களேன்."

"ஆமா அத்தான்!" என்று துள்ளினார் மைத்துனர். "சில வண்டியில ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை ஜாஸ்தி."

பதிவாளருக்கு முகம் சிவந்தது. "என்ன பேச்சு பேசறீங்க? பெரிய மனுஷங்க வாசல்ல நின்னு காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு முதமுதல்ல வண்டியோட பின்பக்கத்தைக் காட்டறதா? நாம என்ன புறமுதுகு காட்டின பரம்பரையா?"

"புறமுதுகுன்னா ஓடிப்போறதுங்க. நாம போய்ச் சேரத்தானே பாக்கறோம்."

பதிவாளர் கல்சுவர் பக்கம் திரும்பினார். மகனை ஒரு தரம் பார்த்தார். அவனுடைய கரி படிந்த கைகளைப் பார்த்தார். பிறகு கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறி, அகலமான இடத்தில் அதைத் திருப்பி, மேட்டுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். தூக்குமேடையில் ஏறுகிறவர்கள்கூட நேராகத்தான் நடந்து போகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

கார் ஏறியது.

உருளவில்லை, விக்கவில்லை. பிடிவாதமான கிழவியைப் போல், ஒரே நிதானத்தில், முனகிக்கொண்டே ஏறியது. பதிவாளர் கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பியிருந்தார்.

"இடது பக்கம்… இடது பக்கம்…" என்று மனைவி வழி சொன்னாள்.

"யாரு இடது? உக்காந்திருக்கற இடதா, திரும்பியிருக்கற இடதா?"

"சுவர் இருக்கே, அந்த இடது!"

வளைவில் கலகல என்று நட்டுகள் ஒலித்தன. கம்பியில் தொங்கிய சைலன்சர் சாலையில் இழுபட்டுத் தீப்பொறி விட்டது. மேட்டு வீட்டு வாசலில் கூடிநின்றவர்களுக்கு முதலில் புகை வந்தது, அடுத்து சத்தம் வந்தது, அதன் பிறகு காரின் நீலப் பின்புறம் வந்தது. கடைசியில், கழுத்து முறுக்கிய நிலையில், பதிவாளரின் முகம் வந்தது.

மணப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மேட்டு வீட்டுக்காரர் வரவேற்கத் தூக்கிய கைகளை, எந்தத் திசையில் குவிப்பது என்று தெரியாமல் நின்றார்.

பதிவாளர் இறங்கினார். கழுத்து திரும்ப மறுத்தது, இருந்தும் முதுகு நிமிர்ந்திருந்தது. நேராக நாற்காலியில் இருந்த அத்தையின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, மன்னிக்கணும். எங்கப்பா இந்த மேட்டுல ஒருநாளும் நின்னதில்ல. அவர் வண்டியோட சக்தியை நான் காப்பாத்தாம விட்டுட்டேன். இந்தக் கோலத்துல உங்க வாசலுக்கு வந்தது எங்க குடும்பத்துக்கே அவமானம். இதுக்கு மேல சம்பந்தம் பேசற யோக்கியதை எனக்கு இல்ல. என் பையன் நல்லவன். தப்பு என்னோடது. உங்க தீர்ப்பு எதுவானாலும் சரி."

பின்னால் ஏறிவந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். அப்பா யாரிடமும் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

அத்தை கோலை ஊன்றி எழுந்தார். பதிவாளரைக் கடந்து போனார். காரின் முன்பக்கம் பக்கமே போகவில்லை. பின்பக்கத்தை நன்றாக உற்றுப் பார்த்தார், சூடான தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார், பிறகு மேட்டு வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"இனிமே என்னடா யோசனை? உள்ள கூட்டிட்டுப் போ, சாட்சாத் அதே குடும்பம்தான். அந்தப் பெரிய மனுஷன் மட்டும் இந்த மேட்டை ஒருநாளாவது நேரா ஏறியிருக்காரா? எப்பவும் பின்பக்கமாத்தானே வருவாரு!"